ஓபெராவில் தோற்ற ஜெர்மன் ஜெனோவா, நம்ம கடற்கரையில் நின்றது எப்படி?

ஐரோப்பிய ஓபெராவுக்கும் முட்டம் பக்கத்துக் கடியப்பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சட்டென்று யாருக்கும் பதில் வராது. பதில் ஒரு பெண்ணின் பெயர்: ஜெனோவா.

ஜெர்மானியர்கள் ‘கெனோஃபெஃபா’ என்கிற அதே இடைக்கால நாயகி. கணவன் போருக்குப் போகிறான். மனைவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கோலோவுக்கு. அவனுக்கோ அவள் மேலேயே ஆசை. அவள் மறுக்க, ‘வேறொருவனோடு தொடர்பு’ என்று பழி போடுகிறான். கணவன் விசாரிக்காமலே கொல்லச் சொல்கிறான். கொல்ல வந்தவர்கள் மனமிரங்கி விட்டுவிட, அவள் கைக்குழந்தையோடு காட்டில் வாழ்கிறாள். பால் கொடுப்பது ஒரு பெண்மான். பல வருஷம் கழித்து வேட்டைக்கு வந்த கணவன் கண்டுபிடித்து அழைத்துப் போகிறான். கொஞ்ச நாளில் அவள் இறந்துவிடுகிறாள்.

இதைத்தான் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1850 ஜூன் 25-ல் லைப்சிக் நகரில் மேடையேற்றினார். அவர் எழுதிய ஒரே ஓபெரா. மூன்று காட்சிகளோடு சரி, எடுபடலை. இசை நன்றாக இல்லை என்பதல்ல பிரச்சினை. காட்டு வாழ்க்கை, குழந்தை, மான் எல்லாவற்றையும் அவர் வெட்டிவிட்டார். ஜனங்கள் கண்ணைத் துடைக்கிற இடமே போய்விட்டது!

இங்கே கதையே வேறு. 1544-ல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர் கடற்கரையில் ஆயிரக்கணக்கான மீனவர்களுக்குத் திருமுழுக்கு கொடுத்த பிறகு, இந்தக் கரையெங்கும் கத்தோலிக்கக் கதைகள் பாட்டாகவும் கூத்தாகவும் வேர்விட்டன. கேரளக் கடலோரத்தில் அது சவிட்டு நாடகம்; பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். கற்றுக்கொடுக்கும் ஆசானுக்குப் பெயர் அண்ணாவி. பாட்டுகளில் தமிழ் ஏராளம். சார்லமேன் பேரரசர் அங்கே ‘காறல்மான்’. ஜெனோவாவும் அந்த மேடையில் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எண்டிறீக்கு எம்பரதோர், ஞானசவுந்தரி என்று ஐரோப்பியக் கதைகளே நாட்டுக்கூத்தாயின. 1960-களில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் அவற்றில் சிலவற்றைப் பதிப்பித்தார்.

ஏன் ஒட்டிக்கொண்டது? மதம் ஒரு காரணம்தான். நாள்கணக்கில் கடலுக்குள் போகிற ஆண்கள், கரையில் தனியாக இருக்கும் பெண்கள், நாலு பேர் வாய்க்குப் பயந்த வாழ்க்கை. கோலோ யார் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆம்பளை ஊர்ல இல்லாதப்ப’ என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர்கள் முன்னால் ஆடுகிற நாடகம் அது. லைப்சிக் அரங்கில் இருந்தவர்களுக்கு அது பழங்கதை. இங்கே பக்கத்து வீட்டுக் கதை.

மேடையோடும் நிற்கவில்லை. 1953-ல் எஃப்.நாகூர் இயக்கத்தில் ‘ஜெனோவா’ தமிழிலும் மலையாளத்திலும் படமானது. ஜெனோவா பி.எஸ்.சரோஜா, விசாரிக்காமல் தண்டனை கொடுக்கும் கணவன், எம்.ஜி.ஆர்!