நீர்க்கட்டி என்றாலே ஆபரேஷனா?

“ஹஜ்ரத், பிள்ளைக்கு வயித்துல கட்டியாம், துஆ செய்ங்க” என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வரும் பெற்றோரைக் கோவையில் அடிக்கடி பார்க்கிறேன். துஆ அவசியம். அந்த ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வதும் அவசியம்.

கர்ப்பப்பையின் இருபுறமும் சினைப்பைகள் உள்ளன. மாதந்தோறும் அதில் ஒரு சிறு நீர்ப்பை சுமார் 2 செ.மீ. வளர்ந்து, வெடித்து, கருமுட்டையை வெளியேற்றும். சில மாதம் அது வெடிக்காமலே பெரிதாகிவிடும். மாதவிடாய் வரும் வயதில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. இவை புற்றுநோய் அல்ல. இரண்டு மூன்று மாதங்களில் தானே மறைந்துவிடும்.

‘பிசிஓடி’யையும் நாம் நீர்க்கட்டி என்றே சொல்கிறோம். அது வேறு. அது ஹார்மோன் கோளாறு. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மருந்து ஆகியவையே அதற்கு முதல் சிகிச்சை.

வெறும் நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு, வலி இல்லையென்றால், பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. அதைவிடப் பெரிதானால் மறுபடியும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். 7 செ.மீ.யைத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அல்லது அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். முடியும் கொழுப்பும் கொண்ட டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது. பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட்’ கட்டியும் எளிதில் மறையாது. அறுவை சிகிச்சை என்றாலும் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றவே முயல்வார்கள். ஒரு சினைப்பை இருந்தாலும் குழந்தைப் பேறு சாத்தியமே. எனவே “கல்யாணம் தடைபடுமே” என்று மறைக்க வேண்டாம்.

திடீரென அடிவயிற்றில் கடும் வலி, வாந்தி, மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியின் கனத்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதத்தில் சினைப்பையையே இழக்க நேரிடும். உடனே 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்குக் கட்டி தெரிந்தாலும், வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது தொடர்ந்தாலும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அவசியம்.

திருமணமாகாத பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கச் சிலர் தயங்குகிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேல் கருவியை வைத்தே பார்க்கலாம். பெண் மருத்துவரைக் கேட்பதும் உங்கள் உரிமை.

பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நிற்காத உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கி, தொழுகையின் சட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஸஹாபிப் பெண்மணி வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்திருந்தால் இன்று நமக்கு அந்தச் சட்டம் கிடைத்திருக்குமா?

பெற்றோரே, உங்கள் மகள் வலி என்று சொன்னால் முதலில் காது கொடுங்கள். அல்லாஹ் நம் பெண்மக்கள் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.