பரியா... நரியா? 80-ல் ஊளையிட்ட கார்!

திருவாதவூர்க்காரனுக்கு நரி-பரி கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பிறந்த மாணிக்கவாசகர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போய்ப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழிக்க, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி அனுப்ப, ராத்திரியானதும் அவை பழையபடி ஊளையிட்ட கதைதான். எனக்கும் அப்படி ஒரு பரி வாய்த்தது. செகண்ட் ஹாண்ட் கார்!

மேலூர் வரைக்கும் மான்குட்டி. நாலுவழிச் சாலையில் ஏறி முள் 80-ஐத் தொட்டதும் 'ஊ...ம்ம்ம்' என்று ஆரம்பிக்கும். 100-ல் கச்சேரி களைகட்டிவிடும்.

"ஏம்ப்பா, காருன்னு சொல்லி ஏரோப்ளேனா வாங்கியிருக்கே?" - இது பின் சீட்டிலிருந்து அம்மா.

ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "நாலு வீல் பேரிங்கும் அவுட் சார்" என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். என் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி! அடுத்த வாரமோ திருச்சி போய்த் தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பேரிங் நிஜமாகவே போயிருந்து அப்படியே ஓட்டினால், சூடேறி, இறுகி, சக்கரமே கழன்று போகிற அபாயம் உண்டு. ராத்திரி தூக்கம் போச்சு.

மேலூரில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன். அம்பாஸடர் காலத்து ஆள். "ஸ்பானரை அப்புறம் எடுப்பம் தம்பி. மொதல்ல காதைத் தீட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடம். 90-ல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். இஞ்சின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. "அப்ப இஞ்சினும் சைலன்ஸரும் நல்ல பிள்ளைக." (நியூட்ரல் மட்டும்தான் சார்! சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிவிடாதீர்கள். பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.)

அடுத்து, ஸ்டியரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னார். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கம் சாயும். வலது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமல் கூடும். கூடவில்லை.

மூன்றாவதுதான் ஜோர். புதுசாகத் தார் போட்ட இடம் வந்ததும் சத்தம் பாதியானது. பழைய சொரசொரப்பில் மறுபடி ஊளை! "ரோடு மாறுனது பேரிங்குக்கு எப்படித் தம்பி தெரியும்? டயருக்குத்தானே தெரியும்!"

பட்டறைக்குத் திரும்பி, ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றி, ஸ்பிரிங் மேல் கை வைத்துப் பார்த்தார். அதிர்வே இல்லை. பிறகு பின் டயரை நீளவாக்கில் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழவழ. திருப்பித் தடவினால் ரம்பப் பல்! முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் பின் டயர்கள் சும்மா உருண்டு வருபவை. 8,000 - 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடாவிட்டால் இப்படிப் பல் முளைக்கும். 90-ல் சின்னக் காரின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 14 சுற்று சுற்றுகிறது. அத்தனை பல்லும் ரோட்டில் அறைந்தால் ஊளைதானே?

சந்தேகப்பிராணியான நான் விடவில்லை. பின் டயர்களை முன்னால் போட்டு ஓட்டினோம். ஊளையும் முன்னால் வந்துவிட்டது!

அலைன்மெண்ட் பார்த்து, ரெண்டு புது டயர் வாங்கிப் பின்னால் மாட்டினோம். பேரிங் எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகவில்லை.

திருச்சியிலிருந்து திரும்பும்போது துவரங்குறிச்சி வருமுன்பே தங்கை தூங்கிவிட்டாள். வண்டிக்குள் அப்படியொரு அமைதி. கொட்டாம்பட்டி தாண்டியதும்தான் கேட்டது... டாஷ்போர்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு 'டிக்... டிக்...'