அம்பாசிடருக்கு மூச்சுப் பயிற்சி!



பழைய அம்பாசிடர் காரை "யானை"ன்னு கிண்டல் பண்ணாதவர் யார்? ஏழு பேர் ஏறலாம், எட்டாவது ஆளுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் முன்னால் போகிற லாரியை முந்தணும்னா மட்டும் வண்டி ரொம்ப யோசிக்கும். "டர்போ இல்லாமலே இந்த எஞ்சினைப் பலமாக்க முடியாதா?" என்று நம்ம பசங்க கேட்கிறார்கள். முடியும்! எப்படி, எதுவரைக்கும் என்பதை மாமாவின் பட்டறையில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

எஞ்சினும் மூச்சு விடும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேணும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம். டர்போ வண்டியில் ஒரு விசிறி காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். டர்போ இல்லாத எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாகவே காற்றை உறிஞ்சிக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. 1489 சி.சி. அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் (போர்) 73.025 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 88.9 மி.மீ. உருளையின் கன அளவு சூத்திரத்தில் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 372 சி.சி., நாலுக்கும் சேர்த்து 1489. (கணக்கு சார் சொன்ன πr²h இங்கேதான் வேலை செய்யுது!) இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு. நிமிடத்துக்கு 4200 சுற்று ஓடினால், சிலிண்டர் முழுசா நிரம்புவதாக வைத்துக்கொண்டால், சுமார் 3100 லிட்டர் காற்று. அதாவது மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணித்தொட்டி மாதிரி மூணு தொட்டி, ஒரே நிமிடத்தில்!

ஒரே எஞ்சின், இரண்டு வண்டி

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்தது. அதன் 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் "பி" வரிசையைச் சேர்ந்தது. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதே போர், அதே ஸ்ட்ரோக்!

அம்பாசிடர்: ஐம்பது சொச்சம் குதிரைத்திறன்.
எம்.ஜி.ஏ.: முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன், 5500 சுற்றில்.

ஒரு சி.சி. கூடக் கூட்டாமல் இவ்வளவு வித்தியாசம். எப்படி?

1. கார்புரேட்டர்: அம்பாசிடருக்கு ஒன்று, எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு. மூக்கு ஒன்று அடைத்துக்கொண்டு ஓடுவதற்கும், இரண்டு மூக்கும் திறந்து ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

2. ஹெட்: இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று உள்ளே வர இரண்டே வழிகள்தான். புகை வெளியேற மூணு வழி. இரண்டு வீட்டுக்கு ஒரு வாசல் மாதிரி. அதனால் அந்த வழிகளின் உள்பக்கத்தை மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்து, வால்வு உட்காரும் இடத்தைச் சரியாக அமைப்பதில் நல்ல பலன் கிடைக்கும்.

3. கம்ப்ரஷன்: காற்றும் பெட்ரோலும் கலந்ததை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு வேலை கிடைக்கும். எம்.ஜி.ஏ.வில் இது 8.3க்கு 1. உதாரணத்துக்கு 7.2ல் இருந்து 8.3க்குக் கொண்டுபோகணும்னா, எரியும் அறை 60 சி.சி.யில் இருந்து 51 ஆகணும். வெறும் 9 சி.சி.! ஹெட்டைச் சீவித்தான் குறைப்பாங்க. எவ்வளவு சீவணும்னு பார்க்க, நம்ம வேதியியல் லேப் பியூரெட்டில் எண்ணெய் எடுத்து அறையில் ஊற்றி அளப்பாங்க. அளவு மீறினால் கலவை முறை தவறி வெடிக்கும். அந்த "டக் டக்" சத்தம்தான் நாக்கிங். பிஸ்டனையே ஓட்டை போட்டுடும்.

4. கேம் ஷாஃப்ட்: வால்வை எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும் என்று முடிவு பண்ணுவது இதுதான். அதிகச் சுற்றில் மூச்சு விட நேரம் குறைவு, அதனால் ஸ்போர்ட்ஸ் கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும்.

இதில் ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. வாயைப் பெரிசாக்கி, தொண்டையைச் சின்னதாகவே விட்டால் என்ன லாபம்?

நம்ம ஊருக்கு இது சரிவருமா?

இங்கேதான் கவனிக்கணும். வண்டியை இழுக்கிற முறுக்குவிசை (டார்க்) இரண்டு எஞ்சினிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எம்.ஜி.ஏ.வில் அதன் உச்சம் 3500 சுற்றில் கிடைக்கும். சாதாரணக் கார் எஞ்சினில் அதைவிடக் கீழேயே கிடைத்துவிடும். திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி வருவது. ஸ்போர்ட்ஸ் கார் ஜெயிப்பது அதிகச் சுற்றில்தான். மாசி வீதியில் மாட்டு வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் இரண்டாவது கியரில் ஊருகிற வண்டிக்கு அந்தக் கேமைப் போட்டால், இருந்த இழுவையும் போய்விடும்.

அடுத்தது நம்ம வெயில். 15 டிகிரியில் இருக்கிற காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஒரே கன அளவில் 8 சதவீதம் எடை குறைவு. சித்திரை மாதத்தில் எஞ்சின் சும்மாவே 8 சதவீதம் குறைவாகத்தான் மூச்சு வாங்குது. பானெட்டுக்குள்ளே கொதிக்கிற காற்றை உறிஞ்சினால் இன்னும் மோசம். ஏர் ஃபில்டருக்கு முன்பக்கக் கிரில்லில் இருந்து ஒரு குழாய் விட்டு வெளிக்காற்று கொடுப்பதுதான் செலவு குறைந்த வைத்தியம்.

நாங்கள் பார்த்த வண்டி

போன கோடையில் ஒரு அண்ணன் தன் தாத்தாவின் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். கல்யாண வாடகைக்கு ஓடுகிற வண்டி, அதில்தான் குடும்பம் நடக்குது. "அண்ணே, ரெட்டைக் கார்புரேட்டர் போட்டுடுங்க"ன்னார். மாமா முதலில் ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பார்த்தார். மூணாவது சிலிண்டரில் பாதிதான் இருந்தது. வால்வு தேய்ந்து, உட்காரும் இடமே உள்வாங்கியிருந்தது. முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம் பழைய ஹெட்டுகளில் அந்த இடத்தைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். அதனால் இப்போ கடினமான இரும்பு வளையம் வைக்கணும்.

பிறகு பிரேக் டிரம்மைக் கழற்றினார். லைனிங் காகிதம் மாதிரி இருந்தது. "தம்பி, மொதல்ல நிக்கிற வழியப் பாரு, அப்புறம் ஓடுற வழியப் பாக்கலாம்"னு சொல்லிட்டார். லைனிங், வால்வு வளையம், ரிங், வெளிக்காற்றுக் குழாய், டியூனிங், இவ்வளவுதான் வேலை. "புது வண்டி மாதிரி இழுக்குதுண்ணே!"ன்னு அந்த அண்ணன் ஒரு வாரம் கழித்து வந்து சொன்னார். நாலில் ஒரு நுரையீரல் திரும்ப வந்திருக்கே!

மறக்கக் கூடாதது

வேகம் 60ல் இருந்து 80 ஆனால் இயக்க ஆற்றல் (½mv²) 1.78 மடங்கு ஆகும். அத்தனையையும் பிரேக்தான் வெப்பமாக்கி விழுங்கணும். எம்.ஜி.ஏ.வை உருவாக்கியவர்களும் இதை உணர்ந்தவர்கள். 1959இல் எஞ்சினை 1588 சி.சி. ஆக்கியபோதே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்தார்கள். நம்ம நாட்டில் பதிவுப் புத்தகத்துக்கு மாறாக எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியும் வேணும், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.

ஆகவே நண்பர்களே, வரிசை இதுதான்: முதலில் பிரேக், அடுத்து தேய்ந்ததைச் சரிசெய்தல், அப்புறம் குளிர்ந்த காற்று, கடைசியில்தான் கூடுதல் திறன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 1961இல் அதே ஸ்ட்ரோக்கை (88.9 மி.மீ.) வைத்துக்கொண்டு போரை மட்டும் 76.2 மி.மீ. ஆக்கினார்கள். நாலு சிலிண்டருக்கும் மொத்தம் எத்தனை சி.சி.? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குத்தி வையுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவன்