காப்பகத்துக் கூண்டும் நம் லயத்து நாயும்

தோட்டப்புறத்தில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. இருள் பிரியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் புறப்படும் தொழிலாளிக்கு முன்னே ஓடுவது அது. புதரில் பாம்பு கிடந்தாலும் காட்டுப்பன்றி நின்றாலும் முதலில் அறிந்து குரல் கொடுப்பதும் அதுவே. நிரையின் கடைசி மரத்தையும் வெட்டி முடித்து, மங்குகளில் பால் சேரும்வரை நாம் சற்று அமர்ந்திருக்கும் வேளையில், நம் காலடியில் படுத்துக் கண்ணயரும் அந்தப் பிராணிக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

ஆயினும், அதே நாய் ஈன்ற குட்டிகள் வளர்ந்து, லயத்தில் இடமின்றிச் சாலைக்கும், சாலையிலிருந்து பட்டணத்துச் சந்தைக்கும் சென்று, இறுதியில் ஊராட்சி மன்றத்தின் பிராணிக் காப்பகத்தில் கம்பிக் கூண்டுக்குள் அடைபடுவதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காப்பகம் பட்டணத்தில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அங்குள்ள கூண்டுகளை நிரப்புவதில் நமக்கும் பங்குண்டு. ஆகவே அவற்றின் பாரத்தைக் குறைப்பதிலும் நமக்குப் பங்கு இருக்க வேண்டும்.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநகர் மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் மாவட்ட மன்றங்களும் நாய்களுக்கு உரிமம் வழங்குகின்றன. உரிமையாளர் இன்றித் திரியும் நாய்களைப் பிடிக்கவும் செய்கின்றன. நாய் துரத்தியதால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், பள்ளி வாசலில் கடிபட்ட சிறுவனின் தந்தை, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டதென்று குறைகூறும் கடைக்காரர் ஆகியோர் அளிக்கும் புகாரின் பேரில்தான் மன்றத்தின் லாரி புறப்படுகிறது. பிடிபட்ட பிராணி சில நாள் அடைத்து வைக்கப்படும். எத்தனை நாள் என்பது மன்றத்துக்கு மன்றம் வேறுபடும்; எங்கும் அது நீண்ட காலமன்று. அதற்குள் உரியவர் வந்து அபராதமும் பராமரிப்புச் செலவும் செலுத்தி மீட்கலாம். வேறொருவர் வளர்ப்பதற்காக ஏற்றுக்கொள்ளலாம். சில இடங்களில் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் பொறுப்பேற்பதும் உண்டு. யாரும் வராவிடில், கூண்டு அடுத்த பிராணிக்குத் தேவைப்படும். அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன் இத்தகைய காப்பகம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். வரிசை வரிசையாகக் கூண்டுகள். தரையெங்கும் குளோரின் வாடை. காதைப் பிளக்கும் குரைப்பு. கடைசிக் கூண்டில் மட்டும் செந்நிற நாயொன்று ஓசையின்றி வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்தில் சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய பட்டை. நம் தோட்டங்களில் எத்தனை நாய்களுக்கு அவ்வாறு கட்டிவிட்டிருக்கிறோம்!

"தோட்டத்து நாய், ஐயா. பட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எந்தத் தோட்டம், யார் வீடு என்று யாரைக் கேட்பது?" என்றார் பராமரிப்பாளர். "சிலர் சம்பளம் வாங்கிய பிறகு தேடிக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் நாள் கடந்துவிடுகிறது."

அன்று அந்த நாய்க்கு அங்கு மூன்றாம் நாள். பின்னர் அது என்னவாயிற்று என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும் என்று திரும்பும் வழியில்தான் தோன்றியது.

ஒரு வில்லை அந்த நாயை வீடு சேர்த்திருக்கும். உரிமம் பெற்ற நாய்க்கு மன்றம் எண் பொறித்த வில்லை வழங்குகிறது. அதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைப்பதில் பயனில்லை. நாயின் கழுத்தில் இருக்க வேண்டும். பட்டையின் உட்புறத்தில் அழியாத மையினால் கைத்தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை. நாய் ஓரிரவு வீடு திரும்பாவிடில் மறுநாளே காப்பகத்தைத் தொடர்புகொள்வது நன்று. மீட்கப்படும் ஒவ்வொரு நாயும் வேறொரு பிராணிக்கு ஒரு கூண்டைக் காலி செய்து கொடுக்கிறது என்பதால், இதுவும் காப்பகத்துக்கு நாம் செய்யும் உதவியே.

இனி, எல்லாவற்றினும் தலையாய உதவிக்கு வருவோம். அது கருத்தடை.

ஒரு பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. கருவுற்ற ஒன்பது வாரங்களில் குட்டிகளை ஈனுகிறது. ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு லயத்திலுள்ள மூன்று பெட்டை நாய்கள் ஓராண்டில் முப்பது குட்டிகளை ஈனக்கூடும். பிழைக்கும் பெட்டைக் குட்டிகளோ ஓராண்டு நிறைவதற்குள் தாமும் பருவமடைந்துவிடுகின்றன. முப்பது குட்டிகளுக்கு வீடு தேட நம்மால் இயலுமா? இயலாதபோதுதான் இரவோடிரவாக அட்டைப் பெட்டியில் இட்டுச் சந்தையோரத்திலோ கோயில் வாசலிலோ வைத்துவிட்டு வருகிறோம். "யாராவது நல்லவர்கள் எடுத்து வளர்ப்பார்கள்" என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அவற்றுள் பாதி வண்டிச் சக்கரங்களுக்கும் நோய்க்கும் இரையாகின்றன. எஞ்சியவற்றை லாரி ஏற்றிச் செல்கிறது.

கருத்தடை செய்தால் நாயின் காவல் குணம் போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு நேர்வதில்லை. ஆண் நாய் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், அதன் பொருட்டுச் சண்டையிட்டுக் காயமுற்று வருவதும் குறையும். வீட்டைக் காக்கும் இயல்பு அப்படியே இருக்கும். பெட்டை ஒருமுறையேனும் ஈன்ற பின்னரே அறுவை செய்ய வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஏறத்தாழ ஆறு மாத வயதில் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் அறுவை அது. புண் ஆற இரண்டு வாரம் ஆகும். அதுவரை நாயைக் காட்டுக்கு அழைத்துச் செல்லாமல் வீட்டிலேயே கட்டி வைப்பது அவசியம். பாவம் என்று வருந்துவோர், அட்டைப் பெட்டியில் விடப்பட்ட குட்டிகளையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

செலவுதான் பலருக்குத் தடை. இதில் தனித்தனியே அலைவதைவிடத் தோட்டமே கூடிச் செயற்படுவது பயனளிக்கும். கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ பெயர்ப் பட்டியல் தயாரித்து, மாவட்டக் கால்நடை மருத்துவ இலாகா அலுவலகத்திலும் பிராணி நலச் சங்கங்களிலும் சலுகைத் திட்டம் உண்டா என்று விசாரிக்கலாம். பத்து நாய்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் கொண்டு செல்வதாயின் போக்குவரத்துச் செலவு பத்தில் ஒன்றாகிவிடும். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பணம் திரட்டும் நமக்கு இது பெரிய காரியமன்று. கையில் பணம் குறைவாயின், முதலில் பெட்டைகளுக்குச் செய்வதே கணக்குக்கு ஒத்துவரும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வோ எனும் குடல் நோய் குட்டிகளை இரத்தப் பேதியினால் ஓரிரு நாளிலேயே கொன்றுவிடக்கூடியது. அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். தடுப்பூசி போடாத ஒரு குட்டி காப்பகத்துக்குள் சென்றால் ஒரு வரிசையே அழிந்துபோக நேரலாம். வீட்டில் நாய் நோயுற்றிருக்கும்போது காப்பகத்துக்குச் செல்லாதிருப்பதும் ஒரு தொண்டுதான்.

வெறிநாய் நோய் இதனினும் கொடிது. அதன் அறிகுறி தோன்றிய பின் மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் அந்நோய் பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டே அது கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. சரவாக்கில் 2017ஆம் ஆண்டு தொடங்கிப் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. ஆகவே எந்த நாய் கடித்தாலும், அது நம் வீட்டு நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலங்கடத்துவது ஆபத்து. இத்தகைய நோய் வரும்போதெல்லாம் தெருநாய்கள் பெருந்தொகையாக அழிக்கப்படுவதும் நேர்கிறது. 2015இல் பினாங்கில் அதுவே பெரும் சர்ச்சையாயிற்று.

காப்பகத்துக்கு என்னென்ன பொருள் கொடுக்கலாம் என்று கேட்போர் உண்டு. பழைய செய்தித்தாள், கிழிந்த கைலி, துண்டு, சுத்தமான சாக்கு ஆகியவை கூண்டில் விரிக்க உதவும். அரிசியும் பிராணிகளுக்கான உலர்தீனியும் எந்நாளும் வரவேற்கப்படும். விருந்தில் மிஞ்சிய குழம்புச் சோற்றைக் கொண்டு செல்லாதீர்கள். உப்பும் காரமும் வெங்காயமும் நாய்க்கு ஆகாதவை, வெந்த கோழி எலும்போ பிளந்து குடலைக் கிழித்துவிடும். நம் தொழிலுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பாலை உறைய வைக்கும் காடி இருந்த டின்னையோ, களைக்கொல்லி இருந்த தோம்பையோ கழுவிவிட்டோம் என்று சொல்லித் தண்ணீர்த் தொட்டியாகக் கொடுத்துவிடக் கூடாது. அங்கு மட்டுமன்று, வீட்டிலும் கூடாது.

எதைக் கொடுப்பதாயினும் முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. சில காப்பகங்களில் துணிக்குக் குறைவிராது, கைகளுக்குத்தான் குறைவு. கூண்டு கழுவவும், நாய்களை நடத்திச் செல்லவும், உடைந்த கதவைச் சீர்செய்யவும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான்கு இளைஞர் சென்று வந்தால் அது பெரிய உதவி. நம் இளைஞருள் இரும்பு ஒட்டவும் மரவேலை செய்யவும் அறிந்தோர் இல்லாத தோட்டம் ஏது?

கண் திறவாத குட்டிகளைக் கண்டால் இரக்கத்தால் உடனே அள்ளிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடிவிடுகிறோம். தாய் அருகில் எங்கேனும் இரை தேடப் போயிருக்கும். தாயின்றிப் போகும் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் பாலூட்ட வேண்டும். ஆட்பற்றாக்குறையுள்ள காப்பகத்தில் அதை யார் செய்வது? டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் பேதியாகிவிடும். தாயோடு எட்டு வாரம் இருக்கவிட்டு, அதற்குள் குட்டிகளுக்கு வீடு தேடி, தாய்க்குக் கருத்தடையும் செய்வித்தால் அந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. வீட்டில் இடமும் பொறுமையும் உள்ளவர்கள், காப்பகத்துக் குட்டிகளைச் சில வாரம் வளர்த்துத் திருப்பித் தர முன்வரலாம். நாய் வேண்டுமென்போர் பணம் கொடுத்து வாங்குமுன் காப்பகத்துக் கூண்டுகளையும் ஒருமுறை பார்த்து வரலாம். காவலுக்கு நாட்டு நாயைவிடச் சிறந்தது எது என்று நமக்குத் தெரியவில்லை.

பல இன மக்கள் அருகருகே வாழும் நாடு இது. நாயைத் தொடுவது சமயத்தால் விலக்கப்பட்ட அண்டை வீட்டார் நமக்கு உண்டு. இரவில் வேலிக்குள் அடைத்து வைப்பதும், வெளியே அழைத்துச் செல்லுங்கால் கயிற்றில் பிடித்துச் செல்வதும் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. புகார் குறைந்தால் லாரி வருவதும் குறையும். அதே வேளையில், தொல்லை தரும் நாயை அடித்தோ நஞ்சு வைத்தோ கொல்வது குற்றம். 2015ஆம் ஆண்டுப் பிராணி நலச் சட்டத்தின்படி வதை புரிவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இறுதியாக ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்வதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அத்தகைய வீடுகளில் நாய் வளர்க்கப் பெரும்பாலும் கட்டுப்பாடு உண்டு. சாமான்கள் லாரியில் ஏறுகின்றன. நாய் சிறிது தூரம் பின்னால் ஓடி வந்து நின்றுவிடுகிறது. பிறகு ஆளில்லாத லயத்துக்கே திரும்பி, கதவில்லா வாசற்படியில் படுத்துக் கிடக்கிறது. இவ்வாறு கைவிடப்பட்ட வயதான நாயைக் காப்பகத்தில் யாரும் விரும்பி ஏற்பதில்லை. குடிபெயரும் செய்தி வந்த அன்றே நாய்க்கும் இடம் தேடத் தொடங்க வேண்டும். தரைவீட்டில் வாழும் உறவினர், அருகிலுள்ள கம்பத்துத் தோட்டக்காரர், ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர் என்று கேட்டுப் பார்த்தால் ஓரிடம் அமையக்கூடும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாயாயின் ஏற்றுக்கொள்வோர் தயங்கமாட்டார்கள்.

காப்பகத்தின் தொலைபேசி எண்ணைத் தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்குமாறு நாளைக் காலைப் பிரட்டு முடிந்ததும் கிராணியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் காணாமற்போன மறுநாளே அழைக்க வேண்டிய எண் அது.