முற்றத்து வசந்தத்தைப் படம் பிடிப்போம்

பங்குனி, சித்திரை மாதங்களில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குத் தனி அழகு வந்துவிடும். வேலியில் முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். வேப்பம்பூ உதிர்ந்து முற்றமெல்லாம் பரவிக் கிடக்கும். கொன்றை சரம்சரமாகத் தொங்கும். இவற்றைப் படம் பிடிக்க விலையுயர்ந்த கமரா தேவையில்லை, கைத்தொலைபேசியே போதும். வீட்டு வேலைகளுக்கிடையே பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். அதில் எனக்குப் பயன்பட்ட சில வழிகளை வாசகிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள்

ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊருக்கும் நேர் உச்சியில் வரும். அந்நாட்களின் நண்பகலில் எடுக்கும் படத்தில் பூவின் மேற்புறம் வெளிறியும் அடிப்புறம் கறுத்தும் போய்விடும். காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நாலரைக்குப் பின்னரும் வெயில் சாய்வாக விழுவதால் இதழ், நரம்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். காலையில் காற்றும் குறைவு, பூ ஆடாது.

மதியம்தான் ஓய்வு கிடைக்கிறதா? பூவின் மேல் குடையைப் பிடித்து நிழல் கொடுங்கள். கீழே ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால் அடிப்புறத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

மஞ்சளும் வெள்ளையும்

கொன்றைப் பூ பல படங்களில் வெறும் மஞ்சள் திட்டாகவே தெரியும். படம் எடுக்குமுன் திரையில் பூவைத் தொட்டு, பிரகாசத்தைச் சற்றுக் குறையுங்கள். இதழ்கள் பிரிந்து தெரியும். வேப்பம்பூவோ மிகச் சிறியது, வெளிர் நிறமானது. வானத்தைப் பின்னணியாக வைத்தால் காணாமற் போய்விடும். நிழலான மதிலோ கரும்பச்சை இலையோ பின்னால் இருக்கும்படி நின்று எடுங்கள். திரையில் பெருப்பித்து எடுப்பதைவிட இரண்டடி கிட்டப் போவதே நல்லது. உடுப்புக் கொடி, வாளி போன்றவை ஓரத்தில் விழுகின்றனவா என்றும் பாருங்கள்.

கூட்டைத் தொடவேண்டாம்

முள்முருக்கில் தேன் குடிக்க வரும் குருவிகளைப் படம் பிடிக்க அசையாமல் காத்திருந்தாலே போதும். கூடு கண்டால் மட்டும் விலகி நில்லுங்கள். ஊதாத் தேன்சிட்டில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண் குருவியே. ஆட்கள் நெருங்கினால் அது எழும்பிப் பறந்துவிடும். முட்டைகள் அடைகாப்பின்றிக் கிடக்கும். படம் தெளிவாக வரவேண்டுமென்று மறைப்பான இலைகளை ஒடித்துவிட்டால், காகத்துக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். ஒரு படத்துக்காக ஒரு தாயின் உழைப்பை வீணாக்கலாமா?

ஆண்டுக்கு ஒரு படம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கலியாணப் படங்கள் சிலவற்றை அம்மா கொண்டுவந்திருந்தார். திரும்பிப் போனபோது கிணற்றடிக் கொன்றை இல்லை. அந்த மரத்தை யாரும் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. ஒரு கலியாணப் படத்தின் மூலையில், மணமக்களுக்குப் பின்னால், அதன் ஒரு கிளை மட்டும் தெரிகிறது. பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டக்கூடியது அவ்வளவுதான்.

போர் மட்டுமல்ல, வீதி அகலிப்பும் புதிய மதிலும்கூட மரங்களைக் கொண்டுபோகின்றன. ஆகவே பூவைக் கிட்டவாக எடுத்தபின், சற்றுத் தள்ளி நின்று மரம் முழுவதும், கிணறும் வீடும் சேர்ந்து தெரிய இன்னொரு படம் எடுங்கள். ஒவ்வொரு சித்திரையிலும் அதே இடத்தில் நின்று எடுத்தால் மரத்தின் வளர்ச்சியும் தெரியும். தொலைபேசி பழுதானால் படங்களும் போய்விடலாம். நல்லதொன்றைத் தெரிந்து ஸ்டூடியோவில் பிரதி எடுத்து, பின்புறத்தில் திகதியையும் மரம் நின்ற இடத்தையும் எழுதி, குடும்ப அல்பத்தில் வையுங்கள்.