கொம்பும் குளம்பும் – 9: நவம்பரில் நிலை தடுமாறும் கிழட்டுக் கலை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாளென்றால் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டார்கள். நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கள் என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றியதில் பழைய ஆட்கள் பலருக்கு வருத்தம்தான்.

அங்கே சுடப்பட்ட வெள்ளைவால் ஆண் மான்களில் பெரும்பகுதி ஒருகாலத்தில் ஒன்றரை வயது இளசுகள். 2002-இல் விதி வந்தது: ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளை, சில பகுதிகளில் நான்கு, இருந்தால்தான் சுடலாம். இளசுகள் பிழைத்தன. வயது கூடிய கலைமான்கள் காட்டில் பெருகின. பெருகி என்ன பயன், கண்ணில் பட்டால்தானே?

மூத்த மான் ஆளைக் கண்டதும் தலைதெறிக்க ஓடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் மாட்டிய ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள் வேறு கதை சொல்லின. வேட்டை நாட்களில் சில மான்கள், மனிதன் ஏறத் தயங்கும் செங்குத்துச் சரிவுகளுக்குப் போய்ப் பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தன. ஒருவர் பரணில் உட்கார்ந்துவிட்டுப் போனால், அதற்கப்புறம் சில நாட்கள் பகலில் அந்தப் பக்கம் தலைகாட்டத் தயங்குகின்றன என்று தென் கரோலினாவில் நடந்த ஆய்வும் காட்டியது. ராசியான பரண் என்று தினமும் ஒரே மரத்தில் ஏறுபவர், தானே அந்த மரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

இவ்வளவு உஷாரான விலங்கு நவம்பரில் மட்டும் கொஞ்சம் நிலை தடுமாறும். பகல் நேரம் சுருங்கச் சுருங்க உடம்பில் இணைவிழைச்சு ஏறுகிறது. தாழ்ந்து தொங்கும் கிளையை நக்கி, நெற்றியை அதில் தேய்த்து, கீழே சருகை விலக்கி முன்னங்குளம்பால் மண்ணைக் கிளறும். பிறகு பின்னங்கால்களை ஒட்டிவைத்து, முட்டியின் உட்புற மயிர்க்கற்றை நனைய மூத்திரம் பெய்யும். பருவம் முற்ற முற்ற அந்தக் கற்றை கருத்து, காற்று வாக்கில் நின்றால் மனித மூக்குக்கே எட்டும் அளவுக்கு நாறும். கிளறிய மண்ணைக் கண்டதும் அருகிலேயே பரண் கட்டுவது பலரின் வழக்கம். ஆனால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் கேமரா வைத்துப் பார்த்தபோது, கிளறும் வேலையில் நூற்றுக்கு 85 பங்கு இரவில்தான் நடந்தது.

பெண் மான் இணங்கும் காலம் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் கலைமான் அதை ஒதுக்குப்புறத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடும்: சாலையோரப் புதர், வயல் நடுவே ஒரு பள்ளம், இப்படி யாரும் தேடாத இடம். நேற்றுவரை மான்கள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடிய காடு திடீரென வெறிச்சோடும். காற்றையும் நிலாவையும் குறை சொல்லிக்கொண்டு வேட்டைக்காரர்கள் வீடு திரும்புவார்கள்.

மூத்தது காவலிருக்கும்போது இளசுகள் சும்மா இருப்பதில்லை. பல இடங்களில் மரபணு வழியாகத் தந்தையைத் தேடியதில், குட்டிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்குத் தந்தை இரண்டரை வயதோ அதற்கும் குறைவோ ஆன மான்கள்! பெரிய கொம்புதான் காட்டை ஆள்கிறது என்ற கதையில் காற்றுப் போய்விட்டது.

பருவம் முடியும்போது மூத்த கலை உடல் எடையில் கால் பங்கு வரை இழந்திருக்கும். குளிர்காலத்தில் கொம்பும் உதிரும். பனி உருகியதும் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியில்லாமல் காடேறி, உதிர்ந்த கொம்புகளைத் தேடுகிறார்கள். பெரிய கொம்பு ஒன்று அகப்பட்டால், அதன் சொந்தக்காரன் வேட்டைப் பருவத்தைத் தாண்டிவிட்டான் என்று கணக்கு.

(தொடரும்)