மலையேறும் கார்களும் மாலை மழையும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா களைகட்டும்போது மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பற்றிய பேச்சும் சூடுபிடிக்கும். 1934இல் தொடங்கிய பந்தயம் இது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஏறும் ஒடுங்கிய பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகத்தான் சீறிப் பாயும். போட்டி கடிகாரத்தோடுதான்.

வம்பும் அங்கேதான். ஏப்ரலில் காலை வெயில் பளிச்சென்று அடிக்கும். பிற்பகலில் இடிமழை கொட்டும். முதலில் ஏறியவருக்குக் காய்ந்த தார், பின்னால் வருபவருக்கு வழுக்கும் தார்! ரசிகர்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் நிற்பார்கள். ஓட்டுநருக்கு அந்த வசதி ஏது?

ஈரத்துக்கென்றே தனி டயர் உண்டு. அதன் ஆழமான வெட்டுகள் தண்ணீரை வெளியே தள்ளும். பார்முலா வன் கார்களுக்குப் பிரெல்லி செய்யும் மழை டயர் ஒன்று, மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு 85 லீற்றர் நீரை ஒதுக்குமாம். அதையே காய்ந்த தாரில் ஓட்டினால் சூடேறிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே பந்தயத்தன்று எல்லோரும் முதலில் பார்ப்பது வானத்தைத்தான், பிறகுதான் வண்டியை.